பஸ்ஸைப் பார்த்துத்தான் பாடம்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம் எங்கள் வீட்டில் மார்க் ஷீட்டைவிட ரயில் நேரப் பட்டியலைத்தான் அதிகம் புரட்டினார்கள். திருத்தணிக்குப் பக்கத்துக் கிராமம். எனக்கு வேதியியல் மேல் ஆசை. சென்னையில் ஓர் அரசுக் கல்லூரியில் இடமும் கிடைக்கும்போலிருந்தது. சேர்க்கைக்குப் போன இடத்தில் அப்பா கேட்டது ஒரே கேள்வி: "லேப் எத்தனை மணிக்கு சார் முடியும்?" அஞ்சு, அஞ்சரை ஆகிவிடும் என்றார்கள். அதற்கு மேல் சென்ட்ரலுக்கு வந்து, யூனிட்டை (மின்சார ரயிலை இப்படித்தான் சொல்வோம்) பிடித்து, திருத்தணியில் இறங்குவதற்குள் எங்கள் ஊர் கடைசி பஸ் போய்விடும். காலை ஷிஃப்டில் வரலாறு இருந்தது. விடியுமுன் கிளம்ப வேண்டும். ஆனால் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிடலாம். நான் வரலாறு படித்தேன். விரும்பித்தான் படித்தேன், அது வேறு விஷயம். ஆனால் அந்தப் பாடத்தை எனக்குத் தேர்ந்தெடுத்தது கடைசி பஸ்.

தமிழ்நாட்டில் உயர்கல்வி பற்றிப் பேசும்போது எல்லோரும் ஓர் எண்ணைச் சொல்வார்கள். கல்லூரி வயதில் இருப்பவர்களில் எத்தனை பேர் கல்லூரியில் சேர்கிறார்கள் என்ற கணக்கில், 2021-22க்கான மத்திய அரசின் கணக்கெடுப்பு தமிழ்நாட்டுக்கு 47 விழுக்காடு தருகிறது. நாட்டின் சராசரி 28.4. பெருமைப்பட வேண்டிய எண்தான். அந்த எண்ணைத் தூக்கி நிறுத்தியிருப்பவர்களில் பெரும் பகுதியினர் யார் என்று பார்க்க வேண்டுமானால் காலை ஆறரை மணிக்கு ஏதாவது ஒரு தாலுகா பஸ் நிலையத்தில் போய் நிற்க வேண்டும். கையில் டிபன் பாக்ஸ், கழுத்தில் அடையாள அட்டை, ஈரம் காயாத தலை. டே ஸ்காலர்கள். இவர்கள் வீட்டிலிருந்து வந்துபோவதால்தான் இவ்வளவு பேர் படிக்க முடிகிறது. ஆனால் கல்லூரி நேரத்தை வகுப்பவர்கள், மாணவர்கள் எல்லோரும் பக்கத்துத் தெருவிலிருந்து நடந்து வருவதாக நினைத்துக்கொண்டே நேரம் போடுகிறார்கள்.

இந்தப் பழக்கத்துக்கு நீண்ட வேர் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து அமைக்கப்பட்டது. அப்போதைய லண்டன் முறைப்படி, பாடம் நடத்துவது இணைப்புக் கல்லூரிகளின் வேலை. தேர்வு வைத்துப் பட்டம் கொடுப்பது பல்கலைக்கழகத்தின் வேலை. மாணவன் எங்கே தங்குகிறான், எப்படி வருகிறான் என்பது பல்கலைக்கழகத்தின் கவலையாக இருக்கவில்லை. மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் உறவினர் வீட்டிலோ திருவல்லிக்கேணி அறைகளிலோ தங்கிக்கொண்டார்கள். மாநிலக் கல்லூரி மாணவர்களுக்கான விக்டோரியா விடுதி 1900இல்தான் வந்தது. இதற்கு மாறாக, தங்கிப் படிக்கும் பல்கலைக்கழகமாகவே உருவானது 1929இல் சிதம்பரத்தில் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம்.

இரண்டுக்கும் நடுவில் நின்றது சென்னைக் கிறித்துவக் கல்லூரி. பாரிமுனைப் பக்கம் நெரிசலில் இருந்த அந்தக் கல்லூரி 1937இல் தாம்பரம் காட்டுக்குள் இடம் மாறியது. தங்கிப் படிக்கும் கல்லூரியாக வளர வேண்டும் என்பது எண்ணம். அதற்கென்றே விடுதிகள் எழுந்தன. ஆனால் அதற்கு ஆறு வருடம் முன்பே, 1931இல், கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. ஊருக்கு வெளியே போன கல்லூரிக்கு ஊரிலிருந்தே போய்வர ஒரு வழியும் இருந்தது. அன்றிலிருந்து அந்தத் தண்டவாளத்தின் ஓரமாகவே எத்தனையோ கல்லூரிகள் முளைத்துவிட்டன. தாம்பரத்தைத் தாண்டி இருக்கும் பொத்தேரியில் இறங்கும் கூட்டத்தைக் காலையில் பார்த்தால் தெரியும்.

மாவட்டங்களில் நடந்தது வேறு. கல்லூரியே மாணவரைத் தேடி வந்தது. இன்று அரசு கலை அறிவியல் கல்லூரிகள் மட்டும் 150க்கு மேல். சிறு நகரத்துக்கு ஒன்று என்ற அளவுக்கு வந்துவிட்டதால், விடுதி இல்லாமலேயே ஒரு தலைமுறைப் பெண்கள் பட்டம் வாங்கினார்கள். அரசு ஒரு கல்லூரியைத் திறக்கும்போது கட்டிடத்தையும் ஆசிரியர் பணியிடங்களையும் அறிவிக்கிறது. அந்தக் கல்லூரி நேரத்துக்கு எந்தக் கிராமத்திலிருந்து எந்த பஸ் வரும் என்பது அறிவிப்பில் இருப்பதில்லை. அது பிறகு பார்த்துக்கொள்ளும் விஷயமாகவே இருக்கிறது.

காசு விஷயத்தில் தமிழ்நாடு செய்திருப்பது சிறியதல்ல. அரசுக் கல்லூரி, அரசு பாலிடெக்னிக், ஐடிஐ மாணவர்களுக்கு இலவச பஸ் பாஸ். தனியார் கல்லூரி மாணவர்களுக்கு அரைக் கட்டணம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட்டே இல்லை. ரயிலில் சீசன் டிக்கெட் 150 கிலோமீட்டர் தூரம் வரை கிடைக்கும். மாணவர்களுக்கு அதில் பாதி. பட்டப்படிப்பு முடியும்வரை பெண்களுக்கு வீட்டிலிருந்து கல்லூரி வரை இரண்டாம் வகுப்பு சீசன் முழு இலவசம் என்பது இன்னும் பலருக்குத் தெரியாது. கல்லூரியில் சான்று வாங்கிக் கவுண்டரில் கொடுத்தால் போதும். நான் இரண்டாம் வருடத்தில்தான் அதைத் தெரிந்துகொண்டேன், அதுவும் லேடீஸ் கம்பார்ட்மென்டில் பூத்தொடுத்துக்கொண்டிருந்த ஓர் அக்கா சொல்லி.

பிறகு புதுமைப்பெண் திட்டம் வந்தது. ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு, கல்லூரிப் படிப்பு முடியும்வரை மாதம் 1000 ரூபாய். 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமணத்துக்குத் தாலித் தங்கமும் பணமும் கொடுத்துவந்த திட்டத்தைத்தான் இப்படி மாற்றினார்கள். கல்யாணத்துக்கு ஒருநாள் கொடுத்த உதவி, படிக்கும் மாதமெல்லாம் வரும் உதவியானது. பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. அந்த ஆயிரம் ரூபாயில் எத்தனை ரூபாய் ஷேர் ஆட்டோவுக்கும் டவுன் பஸ் போகாத கடைசி மூன்று கிலோமீட்டருக்கும் போகிறது என்று எங்கள் பக்கத்துப் பெண்களைக் கேட்டால் கணக்குச் சொல்வார்கள்.

ஏனென்றால் இலவசத்துக்கு ஓர் எல்லை உண்டு. டிக்கெட் இல்லாத பயணம் நகரப் பேருந்தில்தான். பக்கத்து மாவட்டத் தலைநகரில் இருக்கும் கல்லூரிக்குப் போகும் புறநகர்ப் பேருந்தில் அது கிடையாது, பாஸ் வேண்டும். ஜூனில் கல்லூரி திறந்தாலும் புதிய பாஸ் கைக்கு வரச் சில வாரம் ஆகும். பழைய மாணவர்கள் பழைய பாஸைக் காட்டிச் சமாளிப்பார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களிடம் காட்ட என்ன இருக்கிறது? அந்த முதல் வாரங்களில் கண்டக்டரிடம் வாங்கிய பேச்சை வெகுநாள் மறக்காதவர்கள் இருக்கிறார்கள். இன்னொன்று, பாஸ் இருந்தாலும் பஸ் நிற்க வேண்டும். கூட்டமாக மாணவர்கள் நிற்கும் நிறுத்தத்தைத் தாண்டிப் போய் நிறுத்துவதும், நிறுத்தாமலே போவதும் தமிழ்நாட்டின் எல்லா ஊரிலும் நடக்கிறது.

காசைவிடப் பெரிய செலவு நேரம். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். செமஸ்டருக்கு 90 வேலை நாள், வருடத்துக்கு 180. பெருக்கினால் வருடத்துக்கு 720 மணி நேரம். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேர வகுப்பு என்றால் வருடம் முழுக்க வகுப்பறையில் இருப்பது 900 மணி நேரம். வகுப்பில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் ஐந்தில் நான்கு பங்கு வழியில் போகிறது. மூன்று வருடப் படிப்பில் 2160 மணி நேரம். அதாவது இரவுபகலாகச் சேர்த்தால் 90 நாள். இந்த 90 நாளைப் படிப்பின் பகுதியாக எந்தக் கல்லூரியும் கணக்கில் எடுப்பதில்லை.

கணக்கில் எடுப்பது ஒன்றே ஒன்று: ஃபர்ஸ்ட் அவர், அதாவது காலை முதல் மணி வகுப்பு. வருகைப்பதிவு 75 விழுக்காடு இருந்தால்தான் தேர்வெழுத முடியும். அதற்குச் சற்றுக் குறைந்தால் அபராதம் கட்டி எழுதலாம்; இன்னும் குறைந்தால் அந்த செமஸ்டர் தேர்வே போய்விடும். வருகை மணிக்கணக்கில் பதிவாகும் கல்லூரியில், வாரத்துக்கு இரண்டு நாள் ரயில் இருபது நிமிடம் தாமதமானால் ஒரு பெண்ணுக்கு என்ன ஆகும் என்று பாருங்கள். மற்ற எல்லா வகுப்புக்கும் வந்திருப்பாள். காலை முதல் மணியில் வரும் அந்த ஒரு பாடத்தில் மட்டும் ஐந்து நாளில் இரண்டு நாள் இல்லாதவளாக இருப்பாள். திருவள்ளூரில் எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு எங்கள் யூனிட்டை நிறுத்திவைக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கம்பார்ட்மென்டில் இருந்த மாணவிகள் எல்லோரும் ஒரே நேரத்தில் கைக்கடிகாரத்தைப் பார்ப்போம். யாரும் எதுவும் பேசமாட்டோம்.

பாதையே அடைபட்டுப்போவதும் உண்டு. கடற்கரை முதல் எழும்பூர் வரை நான்காவது தண்டவாளம் போடுவதற்காக, 2023 ஆகஸ்ட் கடைசியிலிருந்து 2024 அக்டோபர் கடைசி வரை பறக்கும் ரயில் சிந்தாதிரிப்பேட்டையோடு நின்றது. சென்ட்ரலில் இறங்கிப் பார்க் டவுனில் ஏறி சேப்பாக்கம் போய்க்கொண்டிருந்தவர்கள் பதினான்கு மாதம் சிந்தாதிரிப்பேட்டை வரை நடந்தார்கள், அல்லது பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். என் சித்தி மகள் அப்போது அங்கே படித்துக்கொண்டிருந்தாள். பாதைப் பணி தேவைதான். அந்தப் பதினான்கு மாதத்துக்கு முதல் வகுப்பைக் கால் மணி நேரம் தள்ளிவைக்கலாம் என்று அவள் படித்த இடத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

தாமதமாகிவிடக் கூடாது என்ற பதற்றம் படிக்கட்டில் கொண்டுபோய் நிறுத்துகிறது. அடுத்த வண்டிக்கு நிற்கலாமே என்று சொல்வது எளிது. அடுத்த வண்டி வரும் நேரம் வருகைப்பதிவு முடிந்த நேரம். 2018 ஜூலை 24 காலை, பரங்கிமலை நிலையத்தில் படியில் தொங்கிக்கொண்டு வந்தவர்கள் நடைமேடை ஓரத்துச் சுவரில் மோதி விழுந்து இறந்தார்கள். அன்று வழக்கமான மின்சார ரயில் ஓடாததால் விரைவுப் பாதையில் திருப்பிவிடப்பட்ட வண்டியில் கூட்டம் பிதுங்கியது. இறந்தவர்கள் இளைஞர்கள். அதற்குப் பிறகும் படிக்கட்டுப் பயணம் ஒழுக்கக் கேடாகவே பேசப்படுகிறது. சாகசத்துக்காகத் தொங்குபவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் உள்ளே கால் வைக்க இடமில்லாமல் தொங்குபவர்களை நான் தினமும் பார்த்தேன்.

பெண்களின் பயணத்தில் நேரத்தோடு இன்னொரு கயிறும் கட்டியிருக்கிறது. வண்டி சென்ட்ரலை விட்டதும் ஒரு போன், அரக்கோணத்தில் ஒரு போன், இறங்கியதும் ஒரு போன். ஐந்து நிமிடம் போனை எடுக்காவிட்டால் வீட்டில் கலவரம். "விடுதியில் விடமாட்டோம், வீட்டிலிருந்து போய்வந்தால் படிக்கலாம்" என்பதுதான் பல வீடுகளில் படிப்புக்கான அனுமதி. அதற்குள் அக்கறையும் இருக்கிறது, ஊர் வாய்க்குப் பயமும் இருக்கிறது, சாதியை மீறி யாரோடும் பழகிவிடுவாளோ என்ற காவலும் இருக்கிறது. அந்த அனுமதியின் விலையை அவள் வேறு இடங்களில் கட்டுகிறாள். நான்கு மணிக்குப் பிறகு நடக்கும் எதிலும் அவள் இருக்க மாட்டாள். வேலைவாய்ப்புப் பயிற்சி, நாடக ஒத்திகை, விளையாட்டு, பேராசிரியரோடு வகுப்புக்கு வெளியே நின்று பேசும் அரை மணி நேரம், நூலகத்தின் அமைதியான மாலை எதுவும் அவளுக்கு இல்லை. மதியத் தேர்வு ஐந்து மணிக்கு முடிகிறது என்றால் கடைசிக் கேள்வியை எழுதாமலே பேப்பரைக் கொடுத்துவிட்டு ஓடியவர்களை எனக்குத் தெரியும். பத்து மார்க் கேள்வியா, பஸ்ஸா என்றால் பஸ்தான்.

வீடு திரும்பினால் அவள் மாணவியும் இல்லை. தண்ணீர் பிடிக்க வேண்டும், மாவாட்ட வேண்டும், தம்பிக்குப் பாடம் சொல்லித்தர வேண்டும். எனக்கு அந்த வேலைகளில் பாதியை அம்மா எடுத்துக்கொண்டாள். விடிகாலை மூன்றரைக்கு எழுந்து எனக்குச் சோறு கட்டிக் கொடுத்துவிட்டு, அதன் பிறகு களையெடுக்கப் போவாள். என் பட்டத்துக்காக அவளும் மூன்று வருடம் தூக்கம் கெட்டாள்.

இவ்வளவும் சொன்ன பிறகு, அந்தப் பயணத்தில் கிடைத்ததையும் சொல்ல வேண்டும். லேடீஸ் கம்பார்ட்மென்ட் எங்களுக்கு விடுதியாக இருந்தது. கீரை ஆய்ந்துகொண்டு வரும் அரசு ஊழியர்கள், பூக்காரர்கள், நர்ஸ்கள், மற்ற கல்லூரிப் பெண்கள் என்று ஒரே இடத்தில் ஒரே முகங்கள். தேர்வு நாளில் ஜன்னல் சீட்டைப் படிப்பவளுக்கு விட்டுக்கொடுப்பார்கள். டிஎன்பிஎஸ்சி குரூப் 4 என்றால் என்ன, எப்படி விண்ணப்பிப்பது என்பதையெல்லாம் எனக்குச் சொல்லித்தந்தது கல்லூரி இல்லை, அந்தப் பெட்டி. என்னோடு வந்தவர்களில் மூன்று பேர் இன்று அரசு வேலையில் இருக்கிறார்கள்.

பையன்கள் பக்கம் இதே ஒட்டுறவு வேறு உருவம் எடுத்தது. சென்னையில் "ரூட்டு தல" என்று சொல்வார்கள்: ஒரு பஸ் தடத்தில் அல்லது ஒரு ரயில் பாதையில் வரும் ஒரு கல்லூரி மாணவர்களுக்கெல்லாம் தலைவன். திருத்தணி ரூட்டு, கும்மிடிப்பூண்டி ரூட்டு, அந்த நம்பர் பஸ் ரூட்டு. வகுப்பு முடிந்தால் உட்கார ஓர் அறை இல்லாத கல்லூரியில் படிக்கும் பையனுக்குத் தன் கூட்டம் என்று இருப்பது அந்தப் பெட்டியும் அந்தப் படிக்கட்டும்தான். முதலில் பாட்டும் தாளமும். பிறகு பஸ்ஸையே பிடித்துக் கொண்டாடும் பஸ் டே. பிறகு வேறு கல்லூரிக்காரன் அந்தத் தடத்தில் ஏறினால் அடிதடி, பட்டாக்கத்தி. 2024 அக்டோபரில் சென்ட்ரல் புறநகர் ரயில் நிலையப் பக்கம் தாக்கப்பட்ட ஒரு மாணவன் சில நாளில் மருத்துவமனையில் இறந்துபோனான். எங்கள் பாதையில் வந்துபோன பையன். வயது பத்தொன்பது.

கைது, நன்னடத்தைப் பத்திரம், டிஸ்மிஸ் என்று ஒவ்வொரு முறையும் நடவடிக்கை வருகிறது. கத்தி எடுத்தவனுக்குத் தண்டனை வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் இந்தச் சண்டை ஏன் விடுதியிலோ வளாகத்திலோ வெடிக்காமல் ரயிலிலும் பஸ்ஸிலும் வெடிக்கிறது என்று யாராவது கேட்க வேண்டும். இந்தப் பையன்கள் கல்லூரி மாணவர்களாகச் சேர்ந்து இருப்பதற்கு அவர்களுக்குக் கிடைத்த ஒரே இடம் அதுதான். மாலை ஆறு மணி வரை திறந்திருக்கும் ஒரு பெரிய அறையும் கேரம் போர்டும் பூட்டிவைக்க ஓர் அலமாரியும் இருந்தால் பகை முழுக்கத் தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவரவில்லை. அவை இருந்த இடத்தில் இப்படி ஆகியிருக்காது என்று மட்டும் நம்புகிறேன்.

தனியார் பொறியியல் கல்லூரிகளின் கதை தனி. 1984க்குப் பிறகு சுயநிதிக் கல்லூரிகளுக்கு அனுமதி கிடைத்ததும், ஏக்கர் கணக்கில் நிலம் கிடைக்கும் புறவழிச் சாலைகளுக்குப் போனார்கள். அரசு பஸ் போகாத இடத்துக்கு மாணவர்களைக் கொண்டுவரக் கல்லூரிகளே பஸ் வாங்கின. மஞ்சள் பஸ் வரிசையாக நிற்பதே கல்லூரியின் அடையாளமாயிற்று. அது வாசலுக்கு வரும், பாதுகாப்பு, பெற்றோருக்கு நிம்மதி. கட்டணம் மட்டும் தனி. ஆனால் மூன்றே முக்காலுக்கு பஸ் கிளம்பினால் கல்லூரியே கிளம்பிவிடும். அதன் பிறகு அங்கே இருக்க யாருக்கும் வழியில்லை.

செய்யக்கூடியது என்ன என்றால், பெரும்பாலானவற்றுக்குக் காசே வேண்டாம். சேர்க்கையின்போதே ஒவ்வொருவரும் எந்த ஊரிலிருந்து, எந்த பஸ் அல்லது ரயிலில் வருகிறார் என்று எழுதி வாங்கினால், முதல் மணியை எத்தனைக்கு வைக்கலாம் என்பது அன்றே தெரிந்துவிடும். லேப் இருக்கும் நாளில் காலை வகுப்பைத் தள்ளிவைத்து மாலையில் நேரத்தோடு விடலாமா, காலையிலேயே லேப் வைக்கலாமா என்று துறைத்தலைவர் நினைத்தால் முடியும். ரயில் தாமதம் யாருக்கும் தெரியாத ரகசியமல்ல. போனில் பார்த்தால் தெரியும். அதை ஏற்றுக்கொண்டு வருகை கொடுக்க ஒரு சுற்றறிக்கை போதும். காசு வேண்டிய இடம் கழிப்பறையும் ஓய்வறையும். காலை ஐந்து மணிக்குக் கிளம்பிய பெண் வழியில் போக நல்ல கழிப்பறை இருக்காது என்று தண்ணீரே குடிக்காமல் வருகிறாள். இது வெட்கப்பட்டு மறைக்கும் விஷயமாக இருப்பதால்தான் இத்தனை வருடம் தீராமல் இருக்கிறது.

பஸ் நேரம் மட்டும் கல்லூரியின் கையில் இல்லை. திங்கட்கிழமை எந்த மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் போய்ப் பாருங்கள், மக்கள் குறைதீர் நாளில். பட்டா, முதியோர் பென்ஷன் மனுக்களோடு வரிசையில் நிற்பவர்களுக்கு நடுவே, அன்று ஒரு நாள் வகுப்பை விட்டுவிட்டு வந்த நான்கைந்து கல்லூரிப் பெண்கள் அநேகமாக இருப்பார்கள். எங்கள் ஊரிலிருந்தும் ஒருமுறை போனோம். இரண்டு பக்க மனுவில் நாங்கள் கேட்டது ஒன்றே ஒன்று: மாலை ஏழு மணிக்குத் திருத்தணியிலிருந்து கிளம்பும் கடைசி டிரிப்பை ஏழே முக்காலுக்கு மாற்ற வேண்டும். நான் படித்து முடித்து இரண்டு வருடம் கழித்து மாற்றினார்கள். அந்த வருடம் எங்கள் தெருவில் ஒருத்தி வேதியியல் சேர்ந்தாள்.